கோதுமைக்கு அடிக்கும் களைக்கொல்லியைப் பர்சீமிலும் அடிக்கலாமா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தில்லியில் நஜஃப்கருக்கு அப்பால் 3 ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள். 2 ஏக்கரில் கோதுமை, 1 ஏக்கரில் மாடுகளுக்குப் பர்சீம் என்னும் குளோவர் வகைத் தீவனம். கோதுமையில் பதுவா (சக்கரவர்த்திக் கீரை), குல்லி டண்டா என்னும் புல் ஆகிய களைகள் வந்துவிட்டன, பர்சீமில் காஷ்னி (சிக்கரி) என்னும் களை. பக்கத்து வயல்காரர், “2,4-டி களைக்கொல்லி வாங்கி ஒரே நாளில் இரண்டிலும் அடித்துவிடு, பயிருக்கு ஒன்றும் ஆகாது, களை மட்டும்தான் சாகும்” என்கிறார். அடிக்கலாமா, அடித்த வயலின் புல்லை மாட்டுக்குப் போடலாமா, துவாரகாவில் நம் பாலை வாங்கும் வீடுகளில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பர்சீமில் அடிக்காதீர்கள். அடித்தால் காஷ்னியோடு சேர்ந்து பர்சீமும் சுருண்டு போகும். கோதுமையில் அடிக்கலாம். ஆனால் பர்சீம் பக்கத்திலேயே இருப்பதால் உங்கள் வயலுக்கு 2,4-டி எனக்குப் பிடித்த தேர்வு அல்ல. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த வருஷம் கடையில் வேறு டப்பாவை நீட்டினாலும் நீங்களே முடிவு எடுக்கலாம். நான் 30 வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் களை ஆராய்ச்சி வயல்களில் நின்றவன்.

“பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும்” என்று சொல்லும்போது, மருந்துக்கு என்னவோ கண் இருப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். மருந்து எல்லா இலையிலும்தான் விழுகிறது. தப்பிப்பது செடியின் உடம்பைப் பொறுத்தது. 2,4-டி என்பது செடிக்குள் இயற்கையாகவே சுரக்கும் வளர்ச்சி ஊக்கியின் போலி. அகன்ற இலைச் செடிக்குள் அது வேகமாகப் பரவி, கட்டுப்பாடில்லாமல் வளரச்செய்து, தண்டை முறுக்கிக் கொன்றுவிடும். கோதுமை புல் இனம். அதற்குள் இந்த மருந்து அவ்வளவு சுலபமாகப் பரவாது, பரவுவதையும் அது உடைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். பர்சீமோ அகன்ற இலை, பயறு இனம். பதுவா எந்தப் பக்கமோ பர்சீமும் அந்தப் பக்கம்தான். பக்கத்து வயல்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கோதுமையில் பார்த்ததை அப்படியே தீவனத்துக்கும் நீட்டிவிட்டார்.

குளோவர் மேய்ச்சல் நிலங்கள் நிறைய உள்ள வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. 2,4-டிபி என்று ஒரு மருந்து. பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல். அது அப்படியே இருக்கும்போது விஷம் இல்லை. செடியே தன் உடம்புக்குள் அதை 2,4-டி ஆக மாற்றிக்கொண்டால்தான் சாகும். பல களைகள் வேகமாக மாற்றிக்கொள்கின்றன, குளோவர் வகைகள் மிக மெதுவாக மாற்றுகின்றன, அதனால் பிழைக்கின்றன. 1950-களில் இங்கிலாந்தின் வை கல்லூரியில் லூயிஸ் வெய்ன் என்பவர் விளக்கிய வேதியியல் இது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், “குளோவரில் அடிக்கலாம்” என்று எங்கோ படித்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி 2,4-டியை வாங்கிவிடக் கூடாது. 2,4-டிபியை நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

இனி கோதுமை. முதலில் வயலில் இறங்கி எது என்ன களை என்று பாருங்கள். பதுவா, ஹிரன்குரி, கிருஷ்ண நீல், ஜங்லி பாலக் எல்லாம் அகன்ற இலை. குல்லி டண்டாவும் காட்டு ஓட்ஸும் புல் இனம். இளசில் குல்லி டண்டாவைக் கோதுமையிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். அடித்தண்டைப் பாருங்கள், மண்ணை ஒட்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தால் குல்லி டண்டா. இன்னோர் அடையாளம்: கோதுமையில் இலை தண்டைச் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல் மாதிரிச் சின்னதாக இருக்கும், குல்லி டண்டாவுக்கு அது கிடையாது. 2,4-டி இதை ஒன்றும் செய்யாது. கோதுமையை விட்டுவைக்கும் அதே காரணத்தால் குல்லி டண்டாவையும் விட்டுவைக்கும்.

புல் களைக்கு கிளோடினாஃபாப் 15 சதவீதத் தூள், ஏக்கருக்கு 160 கிராம். இதுவும் புல்லைக் கொல்லும் மருந்துதான், பிறகு கோதுமை எப்படிப் பிழைக்கிறது? அந்த டப்பாவுக்குள்ளேயே கோதுமை மருந்தை வேகமாக உடைப்பதற்குத் துணைசெய்யும் இன்னொரு பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் துணை கோதுமைக்குத்தான் வேலைசெய்யும், ஓட்ஸுக்குச் செய்யாது. உங்களில் யாராவது வரப்போரமாகத் தீவன ஓட்ஸ் போட்டிருந்தால் அது போய்விடும். சல்ஃபோசல்ஃப்யூரான் 75 சதவீதம், ஏக்கருக்கு 13 கிராம், புல்லோடு சில அகன்ற இலைகளையும் பிடிக்கும். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். கோதுமை அறுத்தபின் ஏப்ரலில் மாட்டுக்குச் சோளமோ மக்காச்சோளமோ விதைப்பீர்கள் அல்லவா? அந்த இரண்டுமே இந்த மருந்தின் மிச்சத்தைத் தாங்காது, முளைத்து மஞ்சளாகி நின்றுவிடும். நஜஃப்கர் பக்கத்து மண் காரத்தன்மை உள்ளது. இந்த வகை மருந்துகள் கார மண்ணில் இன்னும் மெதுவாகத்தான் சிதையும். மாடு வைத்திருப்பவருக்கு வெயில் காலத் தீவனம் போனால் நஷ்டம் களையால் வந்ததைவிடப் பெரிது.

அகன்ற இலைக்கு மெட்சல்ஃப்யூரான் 20 சதவீதத் தூள் ஏக்கருக்கு 8 கிராம், அல்லது கார்ஃபென்ட்ரசோன் 40 சதவீதம் ஏக்கருக்கு 20 கிராம். இரண்டில் உங்களுக்கு நான் சொல்வது கார்ஃபென்ட்ரசோன். அது பட்ட இடத்தை மட்டும் சுடும், செடிக்குள் ஓடாது, மண்ணிலும் அதிக நாள் நிற்காது. தப்பித்தவறி ஓரிரு துளி பர்சீமில் பட்டாலும் அந்த இலையில் புள்ளி விழும், செடி தப்பிவிடும். கோதுமை இலையிலும் சில நாள் புள்ளிகள் தெரியும், பயப்பட வேண்டாம். களை சின்னதாக இருக்கும்போதே அடித்தால்தான் இது பலிக்கும், பதுவா முழங்காலுக்கு வந்தபின் அடித்துப் பயனில்லை. இந்த அளவுகளை எல்லாம் வாங்கும் டப்பாவின் லேபிளோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். சதவீதம் மாறினால் கிராமும் மாறும், லேபிள் சொல்வதுதான் கணக்கு.

பருவம் தவறினால் சரியான மருந்தும் கெடுக்கும். விதைத்து 21-ஆம் நாள் வாக்கில் முதல் தண்ணீர், பிறகு கால் வைத்தால் மண் ஒட்டாத அளவுக்கு ஈரம் வரும்போது, அதாவது 30 முதல் 35 நாளில் அடிப்பதுதான் பொதுவான கணக்கு. 2,4-டிக்கு இது இன்னும் கறார். தூர் கட்டி முடிப்பதற்கு முன்னால் அடித்தால் இலை வெங்காயத் தாள் மாதிரி உருண்டு, பிறகு கதிர் கோணலாக வரும். கணு விட்டபின் அடித்தால் கதிரில் மணி பிடிக்காது. “களை இப்போதுதான் கண்ணில் பட்டது” என்று ஜனவரிக் கடைசியில் அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் கையால் பிடுங்குவதே மேல்.

புல் மருந்தையும் 2,4-டியையும் ஒரே பம்பில் கலக்கவே கூடாது. கலந்தால் 2,4-டி, கிளோடினாஃபாப்பின் வேலையைக் குறைத்துவிடும். குல்லி டண்டா அரைகுறையாக வாடி, மறுபடி நிமிரும். அப்படித் தப்பிய செடிதான் விதை போடும், அந்த விதைதான் அடுத்த வருஷம் மருந்துக்கு அசையாது. இது கற்பனை பயம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்து ஹரியாணாவில் வருஷக்கணக்காக ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி ஒன்றையே அடித்து, குல்லி டண்டா அதற்குப் பழகிப்போய், கோதுமையை மூடி வளர்ந்தது. கதிர் அறுக்க வழியில்லாமல் பச்சையாகவே மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துப் போட்டார்கள். அதற்குப் பின் வந்த மருந்துகளுக்கும் இப்போது பல இடங்களில் பழகிவிட்டது. அளவைக் குறைத்து அடிப்பதும் ஒரே மருந்தை வருஷா வருஷம் அடிப்பதும்தான் அதற்குப் போடும் எரு.

இதற்கு உங்களிடம் மருந்தைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருக்கிறது: பர்சீம். அடுத்த அக்டோபரில் குல்லி டண்டா அதிகம் இருந்த கோதுமைத் துண்டில் பர்சீம் போடுங்கள், பர்சீம் இருந்த இடத்துக்குக் கோதுமையை மாற்றுங்கள். பர்சீமை 25, 30 நாளுக்கு ஒருமுறை அறுக்கிறோம். ஒவ்வோர் அறுப்பிலும் குல்லி டண்டா கதிர் விடுவதற்கு முன்பே மாட்டின் வயிற்றுக்குப் போய்விடும். இரண்டு வருஷம் விதை விழாமல் பார்த்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மாடு வைத்திருக்கும் விவசாயிக்குக் கிடைத்த வசதி இது, கோதுமை மட்டும் போடுபவருக்குக் கிடையாது.

இனி பர்சீமில் இருக்கும் காஷ்னி. நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அது எதிரி இல்லை. விஷச் செடி அல்ல, மாடு விரும்பித் தின்னும், சில நாடுகளில் தீவனத்துக்காகவே விதைக்கிறார்கள். பர்சீமின் இடத்தைப் பிடிக்கிறது, விதையில் கலந்து பெருகுகிறது, அதுதான் குறை. எனவே இந்த வருஷம் அறுத்துப் போட்டுக்கொண்டே இருங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது ஆணி வேரோடு பிடுங்குங்கள், வேர் நின்றால் திரும்பத் தழைக்கும். அந்தத் துண்டிலிருந்து விதைக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்த விதைப்புக்கு முன் விதையைச் சுத்தம் செய்யுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து பர்சீம் விதையைக் கொட்டிக் கலக்கினால், கனம் குறைந்த காஷ்னி விதை மேலே மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, கீழே நின்றதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பும் கெடும், பிறகு நீங்கள் விதையோடு சேர்க்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரும் சாகும். 1 ஏக்கருக்கு வேண்டிய 8, 10 கிலோ விதையை அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். சான்று விதை வாங்கினால் இன்னும் நல்லது, அந்தத் தரக்கட்டுப்பாட்டில் காஷ்னி விதையைத் தனியாகவே எண்ணிப் பார்க்கிறார்கள்.

பர்சீமில் உண்மையாகவே பயப்பட வேண்டியது அம்மையார் கூந்தல், இங்கே அமர்பேல் என்பார்கள். மஞ்சள் நூல் போலப் பின்னிப் படரும். ஒரு திட்டு கண்ணில் பட்டால் அதைச் சுற்றிக் கொஞ்சம் அகலமாகவே, பர்சீமையும் சேர்த்து, தரையோடு அறுத்து எடுத்து அங்கேயே உலர்த்தி எரித்துவிடுங்கள். மாட்டுக்குப் போட்டு அந்தச் சாணியை எருவாக இட்டால் வயல் முழுக்கப் பரவும். பூக்குமுன் செய்ய வேண்டும். அதன் விதை மண்ணில் பல வருஷம் உறங்கிக் கிடக்கும்.

கடைக்காரர் பர்சீமுக்கு இமாசெத்தாபிர் என்ற களைக்கொல்லியைத் தரலாம். பயறு இனச் செடிகள் அதைத் தாங்குவது உண்மை, பர்சீமில் சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்த லேபிள்களில் சோயாபீன், நிலக்கடலை என்றுதான் போட்டிருந்தது. அவை விதைக்காக வளர்க்கும் பயிர்கள், அடித்த பல வாரம் கழித்து அறுவடை. பர்சீமை நீங்கள் அடுத்த மாதமே அறுத்து, அன்று சாயங்காலமே பால் கறக்கும் மாட்டுக்குப் போடுவீர்கள். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் தீவனப் பயிருக்கு எழுதவில்லை என்றால், அந்தப் பால் சரியாக இருக்கும் என்று உங்களால் யாருக்கும் சொல்ல முடியாது. என் முடிவு உறுதியானது: பால் மாட்டுக்கு அறுக்கும் பர்சீமில் களைக்கொல்லி வேண்டாம். முதல் அறுப்பில் நிறையத் தழை கிடைக்கட்டும் என்று கடுகையோ ஓட்ஸையோ கலந்து விதைத்திருந்தால் இன்னும் வேண்டாம், பர்சீமைக் காப்பாற்றும் மருந்து கூட இருக்கும் செடியைக் கொல்லும்.

இதே காரணத்தால் கோதுமையில் மருந்து அடித்தபின் அங்கே பிடுங்கிய களையையும் மாட்டுக்குப் போடாதீர்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2,4-டி வகை மருந்து பட்டு வாடும் செடிகளில் சில நாளைக்கு ருசி கூடும், சிலவற்றில் நைட்ரேட்டும் ஏறும். வழக்கமாக மாடு ஒதுக்கும் நச்சுச் செடியைக்கூட அப்போது தின்றுவிடும். அடித்த வயலுக்குள் மாட்டை அவிழ்த்துவிடவே கூடாது.

பதுவா விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் சக்கரவர்த்திக் கீரைதான் அது. குளிர் காலத்தில் தில்லி வீடுகளில் பதுவா ராய்த்தா, பதுவா பராட்டா செய்யாத வீடு குறைவு. கோதுமை வயலில் பெண்கள் கூட்டமாக வந்து மடி நிறையப் பறித்துக்கொண்டு போவார்கள், சிலர் சந்தையிலும் விற்பார்கள். மருந்து அடித்த அன்றைக்குச் செடி பச்சைப்பசேலென்றுதான் இருக்கும், வாட ஆரம்பிக்க மருந்தைப் பொறுத்து ஓரிரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வேண்டிய பதுவாவை முந்தின நாளே வந்து பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடித்த பிறகு நாலு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, வாயாலும் சொல்லிவையுங்கள். அவர்களில் பலருக்கு லேபிள் படிக்கத் தெரியாது, நீங்கள் சொல்வது ஒன்றுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

எந்த நேரத்தில் அடிப்பது என்பதில் தில்லிக்கென்று ஒரு சிக்கல். நம் டெல்டாவில் விடிகாலையில் காற்றே இல்லை என்றால் நல்ல நேரம் என்போம். இங்கே டிசம்பர் விடிகாலையில் குளிர்ந்த காற்று தரையில் தங்கி, மேலே அதைவிடச் சூடான காற்று மூடிபோல நிற்கும். ஊரின் புகை அடியிலேயே தேங்குவதற்கும் அதுதான் காரணம். அப்போது அடித்தால் மருந்தின் நுண் துளிகள் கீழே இறங்காமல் மிதந்து, மெல்ல நகர்ந்து, அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடுகு வயலில்கூடப் போய் இறங்கலாம். இலையில் பனியும் நிறைய இருக்கும், மருந்து வழிந்துவிடும். பக்கத்தில் அடுப்புப் புகையைக் கவனியுங்கள். படுத்துக்கொண்டு பரவினால் பம்பை எடுக்காதீர்கள். பனி விலகி, இலை காய்ந்து, புகை மெல்லச் சாய்ந்தபடி மேலே ஏறுகிறது என்றால் அடிக்கலாம். பெரும்பாலும் காலை 11 மணிக்கு மேல். காற்று பர்சீமிலிருந்து கோதுமைப் பக்கம் வீசும் நாளாகப் பாருங்கள். பர்சீமை ஒட்டிய நாலைந்து மீட்டர் அகலத்துக்கு மருந்தே வேண்டாம், கையால் களை எடுங்கள். சுற்றிலும் கடுகு பூத்திருக்கும் இடத்தில் 2,4-டி, அதிலும் ஆவியாகிப் பறக்கும் எஸ்டர் வகை, வேண்டவே வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். எஸ்டர் அடித்து முடித்த பிறகும் ஆவியாக எழுந்து நகரும்.

நாசில் பூச்சிமருந்துக்குப் போடும் வட்டக் கூம்பு வகையாக இருக்கக் கூடாது, விசிறி மாதிரி தட்டையாக விழும் வகை வேண்டும். அளவுக்கு ஒரு சுலபமான வழி: 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தை அளந்து, வெறும் தண்ணீரை உங்கள் வழக்கமான நடையில் அடியுங்கள். 3.5 லிட்டர் செலவானது என்று வையுங்கள். ஏக்கர் அதைப் போல 40 மடங்கு, ஆக ஏறத்தாழ 140 லிட்டர். 16 லிட்டர் பம்பு என்றால் 9 பம்புக்குக் கொஞ்சம் குறைவு. 160 கிராம் கிளோடினாஃபாப்பை அதில் பங்கிட்டால் பம்புக்கு 18 கிராம். “ஒரு மூடி ஊற்று” என்பதை விட்டுவிட்டு, சமையலறைத் தராசு மாதிரி ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 8 கிராம் மருந்தை ஏக்கருக்கு அடிக்கும் காலத்தில் கை அளவு எடுபடாது. ஒரு தடவை அடித்த சாலில் மறுபடி அடிக்காதீர்கள், அந்த இடத்தில் அளவு இரட்டிப்பாகிக் கோதுமை சுடும்.

பம்பு பற்றி ஒரு நேரடி அனுபவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் முந்தின வாரம் 2,4-டி அடித்த பம்பைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு, கடுகுக்கு அசுவினி மருந்து அடித்தார். மூன்றாம் நாள் கடுகுத் தண்டுகள் பாம்பு மாதிரி நெளிந்திருந்தன. குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருந்த மிச்சம் அவ்வளவு செய்தது. அன்றிலிருந்து களைக்கொல்லிக்கு என்று தனிப் பம்பு வைக்கச் சொல்கிறேன், வாடகைப் பம்பு எடுக்கவே கூடாது. முடித்ததும் மூன்று முறை கழுவுங்கள், நடுவில் ஒருமுறை சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பிக் குழாய் வழியாகவும் ஓடவிடுங்கள். கழுவிய தண்ணீரை அதே கோதுமை வயலில், பர்சீமை ஒட்டாத பக்கமாக, அடிக்காத ஓரத்தில் தெளித்துவிடுங்கள். வாய்க்காலிலோ மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையிலோ ஊற்றக் கூடாது. காலி டப்பாவை அலசி ஓட்டை போட்டுவிடுங்கள், பால் கறக்கிற வீட்டில் நல்ல டப்பா எதற்காவது உதவும் என்று எடுத்துவைக்கும் பழக்கம் உண்டு.

உங்கள் உடம்புக்கு: ரப்பர் கையுறை, முழுக்கை, பூட்ஸ், மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. பலரும் மூக்கை மூடுகிறார்கள், கண்ணை விட்டுவிடுகிறார்கள். 2,4-டி அமைன் உப்பு கண்ணில் தெறித்தால் கருவிழியே புண்ணாகும். பொடியைக் கரைக்கும் நேரம்தான் அடிக்கும் நேரத்தைவிட ஆபத்து. ஏதாவது பட்டால் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் லேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தில்லி எய்ம்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டு மருத்துவம் செய்ய முடியும். உங்கள் குத்தகை நிலத்தில் பழைய ஆள் விட்டுப்போன பாராகுவாட் களைக்கொல்லி பாட்டில் கொட்டகையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முறிமருந்தே கிடையாது. வீட்டிலோ கொட்டகையிலோ அதை ஒரு நாள்கூட அப்படியே விட்டுவைக்கக் கூடாது. வேறு பாட்டிலுக்கும் மாற்றாதீர்கள், லேபிளோடு பூட்டிவைத்து, ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள்.

அதைக் கேட்க உங்களுக்குப் பக்கத்திலேயே உஜ்வா கிராமத்தில் வேளாண் அறிவியல் மையம் உண்டு. போகும்போது இரண்டு துண்டிலிருந்தும் களைகளை வேரோடு பிடுங்கி ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். நேரில் போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர், 1800-180-1551. விதைத்த தேதியையும் முதல் தண்ணீர் விட்ட தேதியையும் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். எனக்கும் அந்த இரண்டு தேதியை அனுப்பினால் எந்த வாரத்தில் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.